லூயிவில்லின் குண்டூசி

நான் குடியிருப்பது மோர்டனில். லண்டனின் பாதாள ரயிலில் தெற்கே இதற்கு மேல் போக முடியாது. இதுதான் கடைசி ஸ்டேஷன். ஆனால் நம்மை இங்கே கொண்டுவந்து இறக்கும் பாதையின் பெயர் வடக்குப் பாதை. தெற்குக்குப் போகும் ரயிலுக்கு வடக்கு என்று பெயர் வைத்ததைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ரயிலில் வருடக்கணக்காக வேலைக்குப் போய், அமெரிக்காவில் எந்த நகரம் தெற்கு, எது தெற்கில்லை என்று தீர்ப்புச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என் மாமனார் இதைக் கடைசிவரை நம்பவில்லை. மருமகன் பஸ் டிக்கெட் விற்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் பழைய கம்பனியிலிருந்து வித்யா என்றொரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், கணினிப் பகுதியைப் பார்ப்பவர். நான் செய்த வேலையை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறதாம். சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியல், தேவாலயங்கள், ஆட்கள் இணையத்தில் எழுதுவது எல்லாவற்றையும் அரைத்துக் குடித்துவிட்டு, இந்த நகரம் தெற்கு, இது இல்லை என்று சொல்லிவிடுமாம்.

"எல்லா ஊரும் கரெக்டா வருது சார். இந்த லூயிவில் மட்டும் மெஷினுக்குப் பிடிபடவே மாட்டேங்குது. ஒரு தடவை சவுத்ங்குது, மறுநாள் இல்லைங்குது. நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மறைப்பானேன். தொலைபேசியில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எங்கள் கம்பனி இங்குள்ள ஓய்வூதியக்காரர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கோச் என்னும் சொகுசு பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டும். அதில் நன்றாக விலைபோனது 'அசல் தெற்கு' என்ற சுற்றுலா. தெற்கு என்றால் வரைபடத்தின் கீழ்ப்பக்கம் இல்லை. அது ஒரு சாப்பாடு, ஒரு பேச்சு, ஆட்களை வரவேற்கும் ஒரு விதம். வரைபடத்தை நம்பினால் கெட்டுப்போவோம். மியாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெற்கே கடல்தான், ஆனாலும் தெற்கத்தியார் அதைத் தங்கள் ஊர் என்று சொல்ல மாட்டார்கள். அந்த மாநிலத்தில் தெற்கே போகப் போக வடக்கு வரும் என்று ஒரு ஹோட்டல்காரர் எனக்கு விளக்கினார். டாலஸில் கேட்டால் நாங்கள் தெற்குமில்லை வடக்குமில்லை, நாங்கள் டெக்சஸ் என்பார்கள். பால்டிமோரை வடக்கத்தியார் தெற்கு என்பார்கள், தெற்கத்தியார் வடக்கு என்பார்கள். இலங்கையில் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் கிடக்கும் வவுனியாவின் கதை போலத்தான்.

வவுனியா என்று எழுதியதற்கு வீட்டில் பதில் சொல்லவேண்டி வரும். என் மனைவி சுகந்தி வவுனியா, வன்னிப் பக்கம். நான் யாழ்ப்பாணம்.

நான் இந்த வேலைக்கு வந்த பாதையை நீட்ட வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்த பாதைதான். அகதி விண்ணப்பம், பெற்றோல் ஸ்டேஷன், பிறகு ஒரு மொத்தக் கடையின் குளிர் அறை. அங்கிருந்து தப்பினால் போதும் என்று இந்தக் கம்பனியின் தொலைபேசி மேசைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியாது என்றேன். அப்படியென்றால் திருத்த வேண்டிய பிழையும் இல்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டவர் மிஸஸ் பிரிட்சர்ட்.

அவர்தான் என் மேலதிகாரி. லண்டன் விளிம்பிலுள்ள வாட்ஃபோர்டைத் தாண்டினால் எல்லாமே வடக்கு என்று நினைக்கும் அசல் லண்டன்காரி. கண்ணாடியைத் தலைமயிரில் செருகிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். குரலை உயர்த்தியதே இல்லை. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எவ்வளவு சுவாரஸ்யம்." அது பாராட்டா, திட்டா என்று அறிய ஒரு வழி இருந்தது. பதினொரு மணித் தேநீரோடு அவர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைப்பார். பாதி நம் பக்கம் வந்தால் பாராட்டு.

அவருடைய அறைச் சுவரில் பெரிய அமெரிக்க வரைபடம் ஒன்று. தெற்கு என்று முடிவான நகரங்களில் சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கும். அதைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும். ஒரு நகரம் தேறாவிட்டால் குண்டூசியைப் பிடுங்கித் தன் கம்பளிச் சட்டையில் குத்திக்கொள்வார். பல நகரங்கள் தேறாத நாட்களில் அவரே ஒரு சிறிய அமெரிக்காவாக நடமாடுவார். லூயிவில்லின் குண்டூசி நான் வேலைக்கு வருமுன்பே பல தரம் வெளியே வந்து உள்ளே போனது. அந்த இடத்தின் ஓட்டை, கனத்த தோடு போட்ட காது போலப் பெருத்திருந்தது.

ஒரு நகரத்தைச் சோதிக்கும் முறையும் அவருடையதுதான். நீங்கள் தெற்கா என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. கோச் வருகிறது என்றால் அலாஸ்காக்காரரும் தெற்கு என்று சொல்லிவிடுவார். வேறெதையாவது கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதற் சோதனை தேநீர். சாப்பாட்டுக் கடையைக் கூப்பிட்டு, தேநீர் என்று மட்டும் சொன்னால் என்ன வரும் என்று விசாரிக்க வேண்டும். ஐஸ் போட்டு, சீனியை அள்ளிக் கொட்டி, வேறு கேள்வியில்லாமல் வந்தால் தெற்கு. சீனி மேசையில் இருக்கிறது, நீங்களே போடுங்கள் என்றால் இல்லை. இரண்டாவது காலைச் சாப்பாடு. முட்டையோடு சோளக் கஞ்சி வைத்தால் தெற்கு, உருளைக்கிழங்கு வைத்தால் இல்லை.

மூன்றாவது சோதனை அடியேன் கண்டுபிடித்தது. வந்த புதிதில் மெம்பிஸில் ஒரு ஹோட்டலுக்கு அறை கேட்டுத் தொலைபேசி எடுத்தேன். எடுத்த அம்மா, இது எந்த ஊர்க் குரல், உன் ஆட்கள் யார், அம்மா இருக்கிறாரா, எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, நானும் பதில் சொல்லிச் சொல்லி, அறை கேட்க மறந்து தொலைபேசியை வைத்துவிட்டேன். இதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தால், வெம்பிளியில் எங்கள் கலியாண மண்டபம். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வருமுன், எந்த ஊர், ஆரின்ரை மகன், அம்மாவின்ரை பக்கம் எங்கை என்று ஒருவர் வந்து நிற்பார். அமெரிக்கத் தெற்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. வந்த காரியத்தைக் கேட்க முன் வந்தவரின் ஆட்களைக் கேட்டால் அது தெற்கு. இதை மிஸஸ் பிரிட்சர்ட்டிடம் சொன்னபோது எவ்வளவு சுவாரஸ்யம் என்றார். பாதிப் பிஸ்கட் வந்தது.

எங்கள் ஆட்களின் கேள்விக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். என் தம்பி குணம் கடைசிச் சண்டையோடு காணாமற்போனவன். அது தெரிந்தவர்கள் என்னிடம் ஊரைக் கேட்பார்கள், அம்மாவைக் கேட்பார்கள், சகோதரங்கள் என்று வரும் இடத்தில் நிறுத்திவிட்டு என் தட்டில் இன்னொரு வடையை வைப்பார்கள். அது மரியாதை. வீட்டிலும் அப்படித்தான். சுகந்தி கேட்பதில்லை, நான் சொல்வதில்லை. அப்படியே பழகிவிட்டது, ஆனால் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இனி லூயிவில். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் கிடக்கும் ஊர். அங்கே எங்கள் கோச்சில் வருகிறவர்கள் தங்குவது லொரெய்ன் என்ற பெண்மணியின் விடுதியில். கறுப்பினப் பெண், என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. தெற்கு என்றால் தூண் வைத்த பெரிய வீடுகள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, அந்தத் தூண்களை நட்டது யார் என்பதையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறி அனுப்புவார். அவருடைய இழுத்த ஆங்கிலம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன். மிஸஸ் பிரிட்சர்ட்டின் பேச்சு எழுத்துத் தமிழைத் தவிர வேறெதிலும் வராது.

லொரெய்னோடு வருடக்கணக்கில் பேசினேன். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யாருக்குப் படி ஏற முடியாது, யாருக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துவராது, அவ்வளவுதான். கடைசியில், "கடவுள் உங்களைப் பாக்கட்டும், மிஸ்டர் நாதன்" என்று தொலைபேசியை வைத்துவிடுவார். சிவநாதன் என்ற என் பெயரில் பாதிதான் அவருக்குப் பிடித்திருந்தது.

அப்போது புது இயக்குநர் ஒருவர் வந்தார். சுற்றுலா நீளம், ஒரு நகரம் குறைய வேண்டும் என்றார். லூயிவில்லைப் பற்றி முறைப்பாடும் இருந்தது. அந்த ஊர் தனக்கு பர்மிங்ஹாமை நினைவூட்டியதாகச் மோர்டனுக்கு அடுத்த சட்டன் என்ற ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். இங்குள்ள பர்மிங்ஹாம். அலபாமாவில் இருக்கும் பர்மிங்ஹாம் மூன்று சோதனையிலும் தேறியது, அது வேறு. மிஸஸ் பிரிட்சர்ட் என்னைக் கூப்பிட்டு, லூயிவில்லைத் திரும்பவும் முதலிலிருந்து சோதியுங்கள், தெற்கில்லை என்றால் அதுதான் போக வேண்டும் என்றார்.

லொரெய்னுக்கு அது என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் கோச்சை நம்பித்தான் பின்பக்கத்தில் அறைகள் கட்டினார். தொழிற்சாலையில் வேலை செய்த தங்கையை நிறுத்தி, சமையலுக்குக் கூட்டிவந்ததும் எங்கள் பயணிகளுக்காகத்தான். நாங்கள் போகாவிட்டால் அந்த அறைகள் சும்மா கிடக்கும், தங்கையும் சும்மா இருப்பார்.

ஆனாலும் முறை என்றால் முறை. லூயிவில்லில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கூப்பிட்டேன். தேநீர் என்றேன். இனிப்பா, வெறுமையா என்று கேட்டார்கள். கேள்வி வந்துவிட்டது, ஆனால் இனிப்பும் இருக்கிறது, பாதி. காலைச் சாப்பாட்டுக்குக் கஞ்சியும் உண்டு, கிழங்கும் உண்டு, உங்கள் விருப்பம் என்றார்கள். இன்னொரு பாதி. இனி எல்லாம் மூன்றாவது சோதனையில்தான். அதற்கு நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் லொரெய்ன் என் ஆட்கள் யார் என்று கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. காரியத்தைப் பேசுவார், வைப்பார். அது வடக்கு. அறிக்கையில் தெற்கில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மிஸஸ் பிரிட்சர்ட் வாசித்துவிட்டுக் குண்டூசியைப் பிடுங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். எவ்வளவு சுவாரஸ்யம் என்றார். அன்றைக்குப் பிஸ்கட்டை அவர் உடைக்கவில்லை.

அவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. ஒரு நகரத்தை நீக்குகிறவர் யாரோ, அவரே அங்குள்ளவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளக் கூடாது.

அன்றிரவு சாப்பிடும்போது விஷயத்தைச் சுகந்தியிடம் சொன்னேன்.

"கலியாணம் பேசேக்கை உங்கடை ஆக்களும் என்னை இப்பிடித்தானே சோதிச்சவை" என்றாள். "என்ரை புட்டைப் பாத்திட்டு, இது வன்னிப் புட்டு எண்டவை. சொல்லிப்போட்டு மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவை."

மறுநாள் பின்னேரம், அங்கே காலை. லொரெய்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த பருவத்திலிருந்து எங்கள் கோச் லூயிவில்லுக்கு வராது, முடிவு என்னுடையது, மன்னிக்க வேண்டும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே மெல்லச் சொன்னார். பிறகு சரி என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மிஸ்டர் நாதன், இனி எங்களுக்கிடையிலை கொடுக்கல் வாங்கல் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். கோபத்தைக் கொட்டப் போகிறார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஒண்டு கேக்கலாம். உங்கடை தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதன்முதலில் பேசியபோதே அவர் கேட்டாராம். உங்கள் ஆட்கள் யார் என்று கேட்க, நான் அம்மாவைச் சொல்லி, தம்பி ஒருவன், எங்கே இருக்கிறான் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு, பேச்சில்லாமல் நின்றேனாம். சண்டை முடிந்த அந்த நாட்களில் யாரிடம் என்ன பேசினேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

"நீங்கள் எனக்கு ஆக்களை அனுப்பிக்கொண்டிருக்கேக்கை, நான் உங்கடை தம்பியை விசாரிச்சா, அது வியாபாரத்துக்கு விசாரிச்ச மாதிரி. அப்பிடிக் கேக்க ஏலாது. எங்கடை பக்கத்திலை அது சரியில்லை. இப்ப உங்களிட்டை எனக்கு ஒண்டும் வேண்டாம். அதாலை கேக்கிறன்."

ஒன்றும் தெரியவில்லை என்றேன். கடவுள் உங்களைப் பார்க்கட்டும் என்று சொல்லி வைத்தார்.

வெம்பிளியில் என் தட்டில் வடையை வைப்பவரின் மௌனம் மரியாதை என்று எனக்குத் தெரியும். லூயிவில்லில் அதே மௌனத்தைக் கேட்டுவிட்டு வடக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோதனையைக் கண்டுபிடித்த விண்ணன் நான்தான். நேரே மிஸஸ் பிரிட்சர்ட்டின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அலுவலகத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் கண்ணாடியைத் தேடினார். அது தலையில்தான் இருந்தது. எடுத்துத் துடைத்தார்.

"ஆகவே, அவர் கேட்டார்" என்றார்.

"கேட்டார்."

"நமக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது கேட்டார்." எழுந்து போய், சட்டையிலிருந்து குண்டூசியை எடுத்து, அந்தப் பெருத்த ஓட்டைக்குப் பக்கத்தில் புது இடத்தில் அழுத்திக் குத்தினார். "இயக்குநரிடம் நான் பேசுகிறேன். ஒரு நகரம் குறைய வேண்டுமானால், செயின்ட் லூயிஸைப் பற்றி எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்தது." பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, உடைக்காமல் ஒரு முழுப் பிஸ்கட்டை என் கையில் வைத்தார். அந்தக் கம்பனியில் முழுப் பிஸ்கட் வாங்கியவர் வேறு யாரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

திரும்பவும் லொரெய்னைக் கூப்பிட்டு, நீக்கியதை நீக்கிவிட்டோம் என்றேன். மூன்று சோதனையையும், அவர் தேறிய விதத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். தேநீர்ச் சோதனையைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, இங்கே பார், லண்டனில் ஒரு மனிதர் எங்கள் தேநீரைத் தொலைபேசியால் குடித்துப் பார்க்கிறார் என்றார். பிறகு குரல் மாறியது.

"அப்ப நான் கேட்டதை மறந்திடுங்கோ, மிஸ்டர் நாதன். திரும்பவும் வியாபாரம் வந்திட்டுது."

சொன்னபடியே இருந்தார். பிறகு நான் ஓய்வு பெறும்வரை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யாருக்குக் கச்சான் ஒத்துவராது. இடைக்கிடை, இண்டைக்கு நான் பாஸோ என்று ஒரு பகிடி. தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன் ஒரு மூச்சு நிற்பார். அது என்ன என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது.

வித்யா, லூயிவில்லை நான் முடிவு பண்ணியது இப்படித்தான். கேட்காமல் இருப்பதையும், எப்போது கேட்பது என்பதையும் உங்கள் மெஷினுக்குள் எந்தப் பக்கத்தால் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இன்றுவரை அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. மிஸஸ் பிரிட்சர்ட் தேனிலவுக்கு ஒரு தரம் போனாராம், நியூயோர்க்கோடு திரும்பிவிட்டாராம்.

ஓய்வு பெற்ற மறுநாள், செய்வதறியாமல் வீட்டில் இருந்தேன். பின்னேரம், விடைபெறும்போது லொரெய்ன் கேட்டு வாங்கிய வீட்டு எண்ணில் தொலைபேசி அடித்தது. லூயிவில்.

"வேலை முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இனி எனக்கு ஆக்களை அனுப்பிறது நீங்கள் இல்லை?"

"நானில்லை. வேறை ஆள்."

"நல்லது. அப்ப வடிவா இருந்துகொண்டு சொல்லுங்கோ. தம்பி எப்பிடிப்பட்ட ஆள்?"

குணம் எங்கே, என்ன ஆனான், ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டவர்கள் ஆரம்பத்தில் சிலர் இருந்தார்கள். எப்படிப்பட்ட ஆள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. குசினியில் சுகந்தி தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டு அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிக் கொட்டுவான்" என்றேன். "பாதிக் கோப்பைக்கு மேலை சீனிதான். அம்மா சீனிப் போத்தலை ஒளிச்சு வைக்கிறவ. எங்கை ஒளிச்சாலும் எடுத்திடுவான்."

அந்தப் பக்கத்தில் லொரெய்ன் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப அவர் எங்கடை ஆள், மிஸ்டர் நாதன்" என்றார். "மற்றதையும் சொல்லுங்கோ."